முனிரத்தினம் சொன்ன அர்த்தம்

"ஒரே ஒரு கையெழுத்துப்பா. போட்டுட்டு டீயைக் குடி" என்றார் முனிரத்தினம்.

கன்னியப்பன் பேனாவை வாங்கினார். ஆனால் கண் டி.வி. மேலேயே இருந்தது. யூடியூபில் ஏதோ பழைய தெலுங்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது.

ஆம்பூர் பக்கம் முனிரத்தினத்துக்கு மூன்று ஏக்கர். இருபத்தாறு வருஷமாக அதில் குத்தகைக்குப் பயிர் வைப்பவர் கன்னியப்பன். இப்போது ஒரு ஷூ கம்பெனி நிலத்தைக் கேட்கிறது. கன்னியப்பன் குத்தகையை விட்டுக்கொடுத்தால்தான் விற்க முடியும். அதனால்தான் பாகாயத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வரவழைத்து இத்தனை உபசாரம். அந்த சோபாவில் கன்னியப்பன் உட்கார்வது இதுதான் முதல் தடவை!

"நான்தான் முழுசா படிச்சுக் காட்டிட்டேனே. அரை ஏக்கர் உன் பேருக்குன்னு எழுதியிருக்கு. அப்புறம் என்ன யோசனை?"

"போடறேன் ஐயா. படம் நல்லா கீது, முடியட்டும். ஐயாவுக்குத் தெலுங்குதானே தாய்மொழி? இன்னா பேசிக்கிறாங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

சரியான பேஜார்! ஆனால் காரியம் ஆக வேண்டுமே. முனிரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

களத்தில் குவிந்திருந்த நெல்லை ஜமீந்தாரின் ஆட்கள் வண்டியில் ஏற்றினார்கள். விவசாயி ஜமீந்தாரின் காலில் விழுந்து கதறினான்.

"அது வந்து... மழை வரப்போவுது. நெல்லு நனையக் கூடாதுன்னு ஜமீந்தாரே எடுத்துப் பத்திரப்படுத்தறாரு. இவன் நன்றி சொல்றான்."

"அடடே! தங்கமான மனுசன்."

அடுத்து, அவன் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள். அவன் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றினாள்.

"ஓட்டு வீடு கட்டித் தரப்போறாரு. அதான் பழசைப் பிரிக்கிறாங்க."

"அந்தம்மா இன்னாத்துக்கு மண்ணை வாரி எறியுது?"

"அது... பூமி பூஜை."

இதைக் கேட்டிருந்தால் படம் எடுத்தவரே மயங்கி விழுந்திருப்பார். எட்டிப் பார்த்த முனிரத்தினத்தின் மனைவி பாக்யலட்சுமி தலையில் அடித்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

கடைசியில் ஊரே திரண்டு ஜமீந்தார் வாசலில் நின்றது. ஒரு பெரியவர் முன்னால் வந்து, நிமிர்ந்து நின்று என்னவோ கேட்டார்.

"இவரு இன்னா சொல்றாரு ஐயா?"

முனிரத்தினத்துக்கு வேர்த்துவிட்டது. "'இத்தனை நாளு எங்களுக்குச் சோறு போட்டீங்க. உங்க நிலத்தை நீங்களே எடுத்துக்குங்க'ன்னு சொல்றாரு."

படம் முடிந்தது. கன்னியப்பன் பேனாவை மூடி, டீப்பாய் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னப்பா, கையெழுத்து?"

"'இந்தச் சேத்துல ஒரு நாளாச்சும் நீ கால் வெச்சிருக்கியா?'ன்னு கேட்டாரு ஐயா, அந்தப் பெரியவரு."

முனிரத்தினத்தின் முகம் செத்துப்போனது. "உனக்கு... தெலுங்கு தெரியுமா?"

"என் சம்சாரத்துக்குச் சொந்த ஊரு பலமநேரு, தெலுங்கு ஊரு. எங்க வூட்லயும் தெலுங்குதான். நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல."

"ஓகோ! போடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டே வந்திருக்க!"

"ஐயோ, இல்ல ஐயா. முட்டி வலியோட இனிமே பயிர் வைக்க முடியாது. போடலாம்னுதான் வந்தேன். இப்ப மனசே வுட்டுப்போச்சு. காயிதத்தைக் குடுங்க, படிச்ச ஆளுகிட்ட ஒரு தபா காட்டிட்டு வர்றேன்."

முனிரத்தினம் சட்டென்று காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கன்னியப்பன் அந்தப் பையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எனக்குக் கையெழுத்து போடத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. நீங்க படிச்சுக் காட்டினது நெசமான்னு தெரிஞ்சிக்க வேற வழி தெரியல ஐயா. அதான் படத்துக்கு அர்த்தம் கேட்டேன்."