மூடி வைத்த கங்கு

ஸ்காட்லாந்து மலையில் எஃபியின் வீட்டு அடுப்பு நாலு தலைமுறையாக அணைந்ததில்லை. ஆடு மேய்க்க நிலம் வேண்டுமென்று குடிசைகளைக் காலி செய்ய வந்த பிரபுவின் ஆட்கள், அவள் கறந்து வைத்திருந்த பாலையே ஊற்றி அதை அணைத்தார்கள். அந்தப் பொசுங்கிய வாடை கப்பலில் நாலு மாசமும் அவள் மூக்கை விட்டுப் போகவில்லை. கடல் தாண்டி வந்த இடத்தில் ஆளே கிடையாது என்று அதிகாரி சொன்னார். அவள் புருஷன் ஃபின்லே அங்கே முந்நூறு ஆடுகளை இறக்கிவிட்டான். பிரபு அவர்கள் நிலத்தில் மேயவிட்ட, கறுத்த முகமுள்ள அதே ஜாதி ஆடுகள்.

மறுநாள் காலை ஆற்றோரத்தில் ஒரு சாம்பல் மேட்டைக் கிளறினாள். உள்ளே கங்கு சிவந்து கிடந்தது. படுக்கப் போகுமுன் அவளும் இப்படித்தான் சாம்பலால் போர்த்தி வைப்பாள். திரும்பி வரப்போகிறவள் செய்கிற வேலை அது. தெரிந்தேதான் மொத்தத்தையும் அள்ளிவந்து தன் அடுப்பில் போட்டாள். நெருப்புப் பற்றியதும் வாய்விட்டு அழுதாள்.

சாயங்காலம் அந்த மண்ணின் பெண்ணொருத்தி வந்து சாம்பலைக் கையால் துழாவினாள். நிமிர்ந்து, எஃபியின் கூரைப் புகையைப் பார்த்தபடியே நடந்து வந்து வாசலில் நின்றாள்.

"பாலுக்கு வந்திருப்பா. கொஞ்சம் ஊத்தி அனுப்பு," என்றான் ஃபின்லே.

"அவ பாலுக்கு வரலை."

எஃபி கையிலிருந்த பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியோடு அடுப்பின் முன் உட்கார்ந்தாள். எவ்வளவு அள்ளினால் திருப்பிக் கொடுத்ததாக ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை.