பின்வாசல் ஷாட்

"அப்பா, கதவத் தொறங்கப்பா! நான் அவரத்தான் கட்டிக்குவேன்!"

கதவு அதிர்ந்தது. வெளியே சாவியைக் கையில் இறுக்கியபடி நின்ற பெரியவரின் முகம் அசையவில்லை.

"கட்! சூப்பர்!" என்றார் டைரக்டர். சாவியோடு நின்ற பெரியவர் டீ கேட்டார். முகத்தை மூடிய கல்யாண நெட் முக்காட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வெள்ளைப் பட்டில் சிரித்தபடி வெளியே வந்தாள் நடிகை தென்றல்.

எபினேசருக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பென்னலூரில் கட்டிய அவருடைய பங்களாவில் எத்தனையோ சீரியல் எடுத்தாகிவிட்டது. இந்த வாரம் வேண்டாம் என்றுதான் நினைத்தார். திடீரென்று வேண்டாம் என்றால் ஊர் ஏன் என்று கேட்கும்.

ஏனென்றால், மாடி அறையின் சாவி நிஜமாகவே அவர் சட்டைப்பையில் இருந்தது. உள்ளே மகள் பெனிட்டா. ஒரகடம் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்கும் சுபாஷைத்தான் கட்டுவேன் என்றவள். திங்கட்கிழமை வேறொருவனோடு சர்ச்சில் கல்யாணம். வெள்ளைப் பட்டு, நெட் எல்லாம் அந்த அறை பீரோவிலேயே வாங்கி வைத்தாகிவிட்டது.

பூட்டிய நாளிலிருந்து அவள் ஒருதடவைகூடக் கதவைத் தட்டவில்லை. அழவில்லை, கெஞ்சவில்லை. அந்த மௌனம்தான் அவரைத் தூங்கவிடவில்லை. ஒரே ஒருமுறை தட்டியிருந்தால் போதும், அவர் கொஞ்சம் அப்பாவாக இருந்திருப்பார்.

"அங்கிள், அவசரமா பாத்ரூம் போணும். கீழ தண்ணி வரல" என்றாள் தென்றல்.

இன்னொரு பாத்ரூம் பெனிட்டாவின் அறைக்குள்தான் இருந்தது. வேறு வழியில்லை. மாடிக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார். "எம் பொண்ணு காச்சல்ல படுத்துக்கினு இருக்கா. பேச்சு குடுக்காதம்மா" என்றார். தென்றல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, அவர் வாசலிலேயே நின்றார்.

"பொண்ணு ரெடியா? வெளிச்சம் போவுது!" கீழிருந்து ஷூட்டிங் மேனேஜர் நயினார் கத்தினார்.

கதவு திறந்தது. நெட்டை இறக்கிவிட்டுக்கொண்டு, கல்யாணப்பெண் அவரைத் தாண்டி அவசரமாகப் படியிறங்கினாள். எபினேசர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் போர்வை தலை வரை மூடியிருந்தது. பூட்டிவிட்டு அவரும் இறங்கினார்.

பின்வாசலில் ஒருவன் பைக்கோடு ஹெல்மெட் போட்டு நின்றிருந்தான். "ஹீரோ இன்னைக்கு வரல சார். உள்ளூர்ப் பையன், டூப்பா நிக்கிறேன்னு அவனா வந்தான்" என்றார் நயினார், நெற்றி வீக்கத்தைத் தடவிக்கொண்டே. பின்வாசல் நிலை ரொம்பத் தாழ்வு. லைட்மேன், டைரக்டர், காலை ஒத்திகையில் தென்றல் என்று எல்லோரும் அதில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஓடியாந்து பைக்குல ஏறும்மா. திரும்பிப் பாக்காத. ரோடு வரிக்கும் போய்ட்டு வந்துடுங்க. தல பத்திரம்!" என்றார் டைரக்டர். "ஆக்‌ஷன்!"

அவள் ஓடி வந்தாள். நிலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், சரியான இடத்தில் தலை குனிந்து, ஒரே பாய்ச்சலில் பைக்கில் ஏறினாள்.

"அட, ஒரே வாட்டில கத்துகிச்சே!" என்று எபினேசர் கைதட்டினார். பைக் தடங்கலில்லாமல் போக, ஓடிப்போய்க் கேட்டை அகலத் திறந்துவிட்டவரும் அவர்தான்.

பைக் கம்பெனி பஸ்களுக்கு நடுவே புகுந்து மறைந்தது. புழுதி அடங்கியது. பைக் திரும்பவில்லை.

"இன்னாய்யா, நெஜமாவே இட்டுக்கினு போய்ட்டானா?" என்றான் லைட்மேன். எல்லோரும் சிரித்தார்கள். எபினேசரும் சிரித்தார்.

அப்போது மாடியில் கதவு தடதடத்தது.

எபினேசரின் நெஞ்சு இளகிப்போனது. கடைசியில் தட்டிவிட்டாள்! மூச்சிரைக்கப் படியேறினார். கதவில் கன்னத்தை வைத்து, "சொல்லும்மா" என்றார்.

"ஏன் அங்கிள் பூட்டினீங்க? என் ஷாட்டுக்கு லேட்டாவுது!"