முதல் பஸ்

"நூகுவை மட்டும் நம்பாதீங்கண்ணே" என்றான் முத்தையன், காதோடு காதாக.

கோவிந்தராசுவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மானேஜர் வீட்டிலிருந்து நூகு வெளியே வந்ததை அவனே கண்ணால் பார்த்திருந்தான்.

பிரெஞ்சுக்காரன் போன மறு வருஷமே காரைக்காலுக்குக் கப்பல் வருவது குறைந்துவிட்டது. அவர்கள் மூவரும் வேலை பார்க்கும், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியை மூடப் போகிறார்கள். மானேஜர் தெட்சிணாமூர்த்தி முப்பது ஆட்களையும் கூப்பிட்டு அதைச் சொன்னார்.

"நாகப்பட்டினம் கம்பெனியிலே பேசியிருக்கேன். பத்து ஆளுக்குத்தான் இடம். திங்கக்கிழமை காலையிலே யார் முதல்ல போய் நிக்கிறாங்களோ அவங்களை எடுத்துக்குவாங்க. என்னால முடிஞ்சது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கோவிந்தராசு ஒரு மூட்டை மேல் ஏறி நின்றான்.

"ஒருத்தரும் போகக் கூடாது! அங்கே கப்பல் வந்து நிக்குது. ஆள் இல்லாம என்ன பண்ணுவாங்க? எடுத்தா முப்பது பேரையும் எடுக்கட்டும். திங்கக்கிழமை விடிஞ்சதும் எல்லாரும் நம்ம கம்பெனி கேட்டுக்கு வந்துடணும். சத்தியம் பண்ணுங்க!"

ஒவ்வொருவராக வந்து அவன் கையில் அடித்தார்கள். நூகு மட்டும் கையை நீட்டவில்லை.

"சத்தியமெல்லாம் எதுக்குண்ணே? வர்றேன்னா வர்றேன்."

"அது இருக்கட்டும். மானேஜர் வீட்டிலே உனக்கு என்ன வேலை?"

"கிணத்துல வாளி விழுந்துடுச்சுன்னு கூப்பிட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்."

யாரோ சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தராசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். மனைவி அமுதம் நிறைமாத வயிற்றோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஊருக்கெல்லாம் நீங்க நாயம் சொல்றீங்க. புள்ள பொறந்தா அது நாயத்தையா குடிக்கும்?"

"வாக்குக் குடுத்துட்டேன், அமுதம்."

"அந்த நூகு குடுத்தானா? நாளைக்கு அவன் போய் முதல் ஆளா நிப்பான். நீங்க கேட்டைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

கோவிந்தராசு கையைக் கழுவிக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் கருக்கலில் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு நாகப்பட்டினம் போகும் முதல் பஸ்ஸில் ஏறினான். பின்னால் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தான். துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். யாராவது பார்த்துவிட்டால்?

பக்கத்தில் இருந்தவன் தலையிலும் துண்டு. மெல்லத் திரும்பிப் பார்த்தான். முத்தையன்.

முன் சீட்டில் பீர் மைதீன். அவனுக்குப் பக்கத்தில் மாரிக்கண்ணு. பஸ் முழுக்கக் கம்பெனி ஆட்கள். எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் கிளம்பியது. பிறகு முத்தையன்தான் தொண்டையைச் செருமினான்.

"நூகுவைக் காணோம், பாத்தீங்களாண்ணே? நேத்தே போயிருப்பான்."

"பின்னே? அவனாலேதானே நாமளும் இப்படிக் கிளம்ப வேண்டியதாப் போச்சு" என்றான் கோவிந்தராசு. அப்படிச் சொன்னதும் மனசு கொஞ்சம் லேசானது போலிருந்தது. மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அரசலாற்றங்கரையில், கம்பெனி கேட்டுக்கு எதிரே, பஸ் சட்டென்று நின்றது. யாரோ சாலையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டி, "என்னப்பா, ஏறப் போறியா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றது நூகுவின் குரல். "ஊருக்குள்ளே எங்க ஆளுங்களை எங்கேயாவது பாத்தீங்களா? நான் வந்து எவ்வளவோ நேரமாச்சு, இன்னும் ஒருத்தரையும் காணோம். என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு பயமா இருக்குண்ணே."