சாம்ராஜின் செல்கள்

எல்லாமே நீலம்.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். மறுபடி வைத்தாள். செத்த செல்தான் இந்தச் சாயத்தைக் குடிக்கும். உயிரோடு ஒன்றுகூட இல்லை.

ஞாயிறென்றும் பாராமல் வந்திருந்த ஆய்வகமே ஆர்ப்பரித்தது. யாரோ முதுகில் தட்டினார்கள்.

இருக்காதா பின்னே? ‘பெருகு, பெருகு’ என்று ரத்தத்துக்குள் ஓயாமல் கத்தும் ஒரு மரபணு. அதன் வாயை அடைக்க, மருந்தாகச் செய்த துளியூண்டு நியூக்ளிக் அமில இழையோடு எத்தனை வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

செல்கள் சாம்ராஜுடையவை. சாயர்புரத்துப் பையன், ஒயரிங் வேலை. ரத்தப் புற்றுநோய் போன வருடம் அவனைக் கொண்டுபோய்விட்டது. அதற்கு முன் அவனே மனமொப்பிக் கொடுத்த ரத்தம். ஆளைத் தின்ற அதே செல்கள்தான். ஆனாலும் அவன் உடம்பில் உயிரோடு எஞ்சியது அவை மட்டும்தான். அவற்றை உறையவைத்த குழாய்களும் தீர்ந்து, இதுதான் கடைசித் தட்டு.

தட்டில் ஊட்டநீர் மாற்றுவதை ஆய்வகத்தில் ‘சாப்பாடு போடுவது’ என்பார்கள். அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவன் அம்மா ஜெபக்கனியிடம் அதைச் சொல்லிவைத்தாள். அந்தம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிறானால் ஆராதனை முடிந்ததும் போன் வரும்.

“சாமுக்குச் சாப்பாடு வச்சாச்சாம்மா?”

“வச்சாச்சும்மா.”

அதற்குமேல் இருவருக்கும் பேச எதுவும் இருந்ததில்லை.

இன்றும் அடித்தது. அவள் போனோடு வராந்தாவுக்கு வந்தாள்.

மறைத்துவிடலாமா? இன்னும் ஒரு வாரம், ஒரு மாதம்? பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

“அம்மா, புது மருந்து வேலை செஞ்சிருச்சும்மா. சாமோட செல்லு எல்லாம் செத்துப்போச்சு.”

மிச்சமிருந்ததையும் நான்தானே கொன்றேன் என்று நினைத்தாள். அழக்கூட உரிமையில்லாதது போலிருந்தது.

“அந்த வியாதி செல்லு அம்புட்டுமாம்மா?”

“அம்புட்டும்தாம்மா.”

மூச்சை இழுத்துவிடும் சத்தம் கேட்டது.

“அப்போ நம்ம சாமுக்குச் சொகமாயிட்டு. என்னம்மா?”

அவள் சுவரில் சாய்ந்தாள்.

“ஆமாம்மா. சொகமாயிட்டு.”

ஜெபக்கனி போனை வைக்கவில்லை. வீட்டுக்குள் திரும்பிக் கணவரிடம் சொல்வது தெளிவாகக் கேட்டது.

“ஏங்க, புள்ளைக்குச் சொகமாயிட்டாம்.”