ஸிர்காவுக்கு ஒரு பாடம்

"இந்த நாத்தத்துல எப்படிக்கா குடியிருக்கே?"

கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான் மார்க்கோ. டாஃபின் பக்கத்துப் பண்ணையிலிருந்து, பனி மூடிய சாலையில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி, வின்னிப்பெக்கில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அப்பாவைப் பார்க்க வந்திருந்தான்.

 லெஸ்யா கூடத்துத் தரையில் ஈரம் உறிஞ்சும் வெள்ளை பேட் ஒன்றை விரித்துவிட்டு, நாயின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"இங்க பாரு ஸிர்கா. இந்தக் குளிர்ல யாராலயும் அடக்க முடியாது. அவசரம்னா இதுலயே போயிடலாம். யாரும் திட்ட மாட்டாங்க. வெட்கப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல. சரியா?"

ஸிர்கா பேடை முகர்ந்து பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

"எதுக்கு இப்படிக் கத்திக் கத்திச் சொல்றே? அதுக்குக் காது கேக்காதா?"

"வயசாகுதில்லடா."

மார்க்கோ சுற்றிலும் பார்த்தான். அறைவாசலில் ஒரு பேட். கட்டில் ஓரத்தில் ஒரு பேட். அப்பாவின் நாற்காலியில்கூட மெத்தைக்கு மேல் ஒன்றின் ஓரம் தெரிந்தது.

"நாற்காலியிலயுமா?"

"அப்பா எழுந்தா அவ ஏறிப் படுத்துக்கறா."

"அக்கா, இது பண்ணையில பொறந்த நாய். குட்டியிலேருந்து நான் பழக்கினது. பிராணன் போனாலும் வீட்டுக்குள்ள போகாது. உங்கிட்ட வந்து ரெண்டே வருஷத்துல இப்படிக் கெடுத்து வச்சிருக்கியே!"

"வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. பாதம் வெடிச்சிடுது."

"பாதத்துக்கு உறை விக்குது. வாங்கி மாட்டு. இல்லேன்னா, மாடி ஏறி இறங்கச் சோம்பல்னு சொல்லிட்டுப் போயேன்!"

"ஆமாடா. சோம்பல்தான்."

அப்பா ஒரெஸ்ட் இரண்டு பிள்ளைகளையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ரயில் யார்டில் மேஸ்திரியாக இருந்தவர். ஒரு அதட்டலில் எஞ்சினையே நிறுத்துவார் என்று ஆட்கள் சொல்வார்கள். இப்போது மடியில் கம்பளி. பேச்சு அதிகம் இல்லை.

லெஸ்யா போர்ஷ்ட் சூப்பைச் சூடாகக் கிண்ணங்களில் ஊற்றிக் கொடுத்தாள். மார்க்கோ அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் குடித்திருப்பான். அப்பாவின் நாற்காலிக்கு அடியிலிருந்து ஈரம் பரவி அவன் காலுறையைத் தொட்டது.

"சீ!" என்று துள்ளி எழுந்தான்.

லெஸ்யா அதற்குள் துணியோடு வந்துவிட்டாள். "மறுபடியுமா ஸிர்கா? பரவால்ல, பரவால்ல. தெரியாம நடக்கறதுதானே."

"என்ன பரவால்ல? சாப்பிடற இடத்துல!"

மார்க்கோ நாயின் கழுத்துப் பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். கையை ஓங்கினான். ஸிர்கா வயிறு தரையில் பட ஒடுங்கியது. என்ன தப்புச் செய்தோம் என்று அதற்குப் புரியவில்லை.

"இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன். கொட்டகையில கட்டிப் போட்டா ஒரு வாரத்துல பழைய புத்தி வந்துடும்."

"கொட்டகையிலயா? இந்தக் குளிர்லயா? செத்துப்போயிடும்டா!"

"போனா போகட்டும். வீட்டை அசிங்கம் பண்ற நாய எவன் வச்சுக்குவான்?"

வாரை மாட்டினான். லெஸ்யா குறுக்கே வந்து வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் மார்க்கோ. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"ஏன் வேண்டாம்? ஒரே ஒரு காரணம் சொல்லு, விட்டுடறேன்."

லெஸ்யா வாயைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"பார்த்தியா? உங்கிட்டக் காரணமே இல்ல."

அவன் வாசலை நோக்கி இழுத்தான். நாய் நான்கு கால்களையும் ஊன்றிக்கொண்டது. நகங்கள் மரத்தரையைக் கீறின. கதவைத் திறந்ததும் படிக்கட்டின் குளிர் உள்ளே பாய்ந்தது.

"மார்க்கோ."

பல மாதமாக யாரும் கேட்டிராத குரல்.

ஒரெஸ்ட் நாற்காலியின் கைகளை அழுத்திப் பிடித்து எழுந்து நின்றார். மடியிலிருந்த கம்பளி நழுவிக் கீழே விழுந்தது. கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"நாயை விடுடா. அதைச் செஞ்சது அவ இல்ல."

நனைந்த கால்சட்டையைக் கையால் தொட்டுக் காட்டினார்.

"நான்."

மார்க்கோவின் கையில் வார் தளர்ந்தது. ஸிர்கா ஓடிப்போய் கிழவரின் ஈரக் காலோடு ஒட்டி நின்றது.

"உன் நாய் ஒரு நாள்கூட அந்தப் பேட்ல போனதில்ல. விடியறதுக்கு முன்னாடி உன் அக்கா அதைத் தூக்கிக்கிட்டு, சத்தம் போடாம பின்படி வழியா இறங்கறா. ராத்திரியும் அப்படித்தான். நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிறா. ஜன்னல் வழியா நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இவ நடுங்கிக்கிட்டு நிக்கிறத..."

 பிள்ளைகள் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

லெஸ்யா ஓடிவந்து கம்பளியை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கி மூடினாள்.

"ஏம்ப்பா சொன்னீங்க?" என்றாள், விம்மிக்கொண்டே. "நானும் ஸிர்காவும் சமாளிச்சுக்கிட்டுத்தானே இருந்தோம்!"