மாதிரிக் கையெழுத்து

ஜூன் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது. தூறல் விட்டும் வெயில் வராத நேரம். கடன் அதிகாரி மூன்றாவது கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

எதிரே, கடன் கேட்ட பெண்ணும் அவளுக்குப் பிணை நிற்க வந்த தகப்பனாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

விண்ணப்பத்தில் வேறு குறை இல்லை. வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, இயந்திரங்களின் விலைப்பட்டியல் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒப்புதல் கடிதம்கூட அச்சாகி மேசைமேல் கிடந்தது. பெரியவரின் கையெழுத்து மட்டும் வங்கியில் இருந்த மாதிரியோடு ஒத்துப்போகவில்லை.

சலவைக்கடைக்குப் பேசி வைத்த இரண்டு இயந்திரங்களை மாலைக்குமேல் நிறுத்தி வைக்க முடியாது என்று விற்பவர் சொல்லிவிட்டார். மகள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அடையாள அட்டையில் இருந்த முகம் பெரியவருடையதுதான். அதிகாரி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். போலி அட்டை அச்சடிக்கத் தெரிந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

“உண்மையைச் சொல்லும்மா. இவரு உன் சொந்த அப்பாதானா?”

“அதை இவங்கம்மாகிட்டதான் சார் கேக்கணும்,” என்றார் பெரியவர்.

யாரும் சிரிக்கவில்லை.

எரிச்சலில் அதிகாரி, விதிப்படி காட்டக் கூடாத மாதிரிக் கையெழுத்து அட்டையைப் பெரியவர் பக்கம் திருப்பிவிட்டார்.

“இது உங்க கையெழுத்தா, இல்லையா?”

பெரியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பெயர் அவருடையது. கீழே ஒரு கோடு. கோட்டின் முடிவில் இரண்டு புள்ளிகள். சற்று முன்பு விண்ணப்பத்தில் மகள் தன் பெயரின் கீழ் வைத்ததும் அதே புள்ளிகள்தாம்.

அவர் நெடுந்தூர லாரி ஓட்டியவர். கணக்குத் தொடங்கும் படிவத்தைப் புறப்படும் அவசரத்தில் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது பாஸ்புத்தகம் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனோம் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தார். அதன்பின் பணம் எடுக்க வீட்டில் ஏ.டி.எம். அட்டை இருந்தது, வங்கியில் பேனாவைத் தொடும் அவசியமே அவருக்கு நேரவில்லை.

மகள் நிமிரவில்லை.

“என்னுதுதான் சார். கண்ணாடி போடாம எழுதிட்டேன்.”

இன்னொரு தாளை வாங்கிப் பெயரை எழுதினார். கோடு இழுத்தார். அவசரமில்லாமல் இரண்டு புள்ளிகளை வைத்தார்.

அதிகாரியின் முகம் தெளிந்தது. “இதை முதல்லயே போட்டிருக்கலாமே பெரியவரே!”

ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அதை அவரிடமே கொடுத்தார்.

பெரியவர் கடிதத்தை மகளிடம் நீட்டினார். அவள் பற்றிக்கொண்ட பிறகும் பிடியை விடவில்லை.

“வேற எதுலல்லாம் போட்டிருக்கே?” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.