கடைசிச் சுரத்துக்குப் பிறகு

கடைசி வரி வந்துவிட்டது. பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையின் ஓரத்தில் நின்று, பியானோவின் முன் குனிந்திருந்த கணவரின் முதுகையே பார்த்தபடி அவள் பாடினாள்.

பாட்டில் கடவுள் இல்லை. மழை உண்டு. மஞ்சள் குடை உண்டு. பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் ஒரு பிள்ளை உண்டு.

பாளையங்கோட்டையில் அவர் எழுதிய பாட்டு இல்லாமல் ஞாயிறு ஆராதனை நடந்ததில்லை, ஒரு காலத்தில். மகள் தபீத்தாள் காய்ச்சலில் போனதற்குப் பிறகு மனுஷன் கோயில் படி மிதிக்கவில்லை.

பெயர் வைத்தவரும் அவர்தான். வேதத்தில் அந்தப் பெயர்க்காரி செத்துப் பிழைத்தவள்.

இவர்கள் மகள் பிழைக்கவில்லை.

அப்புறம் பியானோவுக்கு மட்டும் எழுதினார். சின்னச் சின்ன உருப்படிகள். வார்த்தையே வேண்டாம் என்றார். வீட்டிலும் வார்த்தை குறைந்துபோனது. அவள் அடுப்படியில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாமே மகள்தான். அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம்தான் மறுபடி மனிதக் குரலுக்கு எழுதினார். எழுதினால் போதுமா, பாட ஆள் வேண்டாமா? நாலு குரலாகப் பிரிந்து பாடத் தெரிந்தவர்கள் ஊரில் கோயில் பாடகர் குழுதான். அவளே வீடு வீடாகப் போய்க் கெஞ்சிப் பள்ளிக்கூட ஹாலுக்குக் கூட்டி வந்தாள். இதுவும் கெட்டால் அவர் இனிமேல் பேனாவைத் தொடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும்.

இன்றுதான் முதல் ஒத்திகை.

கடைசிச் சுரம் நின்று ஓய்ந்தது.

யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. பாட்டு முடிந்தால் ஆமென். அப்படியே வளர்ந்த வாய்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவர்களுக்குக் கல்லறை மட்டும்.

நாலு குரலிலும் நீளமாக ஆமென் பாடி முடித்தார்கள்.

அவளும்தான் பாடினாள்.

பிறகுதான் உறைத்தது. அடிக்குரல் பேஸ் பாடும் செல்லத்துரை நாக்கைக் கடித்துக்கொண்டார். யாரோ தேவையில்லாமல் இருமினார்கள்.

கணவரின் கை பியானோவின் மூடிக்குப் போனது.

மூடிவிட்டால் தீர்ந்தது கதை.

கை அங்கேயே இருந்தது.

"டெனர் சுருதி இறங்கிட்டு," என்றார், திரும்பாமலே. "அந்த ஆமென் மட்டும் இன்னொரு தடவ பாடுங்க."

பாடினார்கள். அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

ஆல்டோவில் ஒரு குரல் குறைவது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவளுடைய சுரத்தை மட்டும் தனியாக, மெதுவாக, பியானோவில் எடுத்துக் கொடுத்தார்.